அடித்தவருக்கே வண்டி

சோலைமுத்துவுக்கு நோயில் விழவும் நேரம் தெரியவில்லை. ஒரு மாதம் முந்தி விழுந்திருந்தால் மருந்தய்யாவின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மாப்பிள்ளை மாதிரி வண்டியேறிப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான். அங்கே பெரிய டாக்டர் பார்ப்பார், கட்டில் கிடைக்கும், பாலும் ரொட்டியும் கிடைக்கும். இப்போது அந்த வழியை அடைத்துவிட்டார்கள். மடுல்சீமைப் பக்கத்துக் கூனிமலைத் தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில், ரத்தக் கடுப்போடு சாக்கில் சுருண்டு கிடந்தான். அவன் பெண்சாதி அங்காயி, இருக்கிற தெய்வத்தை எல்லாம் திட்டிக்கொண்டு அவனுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக மருந்தய்யாவை எதற்கு அடிக்கவேண்டும் என்று கேட்பவர்கள் தோட்டத்துச் சட்டதிட்டம் அறியாதவர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

கூனிமலையில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. தகரக் கூரை, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மருந்தய்யா வீரசிங்கம், அவருக்குப் பின்னால் அலமாரி நிறையக் கண்ணாடி ஜாடிகள். ஜாடிகள் மேல் வாயில் நுழையாத பெயர்கள் ஒட்டியிருந்தன. உள்ளே காற்று இருந்தது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை வாங்கிக் கொடுத்த ஒரே மருந்து விளக்கெண்ணெய். அதுவும் தேயிலை ஆலை இயந்திரத்துக்கு வந்த பீப்பாயில் மிஞ்சியது. ஆகவே காய்ச்சலுக்கு விளக்கெண்ணெய், இருமலுக்கு விளக்கெண்ணெய், அட்டை கடித்த புண்ணுக்கும் விளக்கெண்ணெய். ஊழியர் ஒருவர், மருந்து ஒன்று என்பதால் நிர்வாகத்தில் குழப்பமே வந்ததில்லை.

பதுளையில் அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் அங்கே அனுப்பும் ஒவ்வோர் ஆளுக்கும் தோட்டம் பணம் கட்டவேண்டும். துரை இதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். சாகமாட்டான் என்று நிச்சயமாகத் தெரிந்த ஆளை மட்டுமே அனுப்பலாம், சாகப்போகிறவனுக்குக் கட்டும் பணம் வீண். சாகமாட்டான் என்று நிச்சயமாகத் தெரிந்தவனை அனுப்பவேண்டிய அவசியமே இல்லை. எனவே யாரும் போகவில்லை.

இப்படிச் சீராக ஓடிக்கொண்டிருந்த வைத்தியத்தைக் கெடுத்தவன் இராமையா. மலையில் தண்ணீர் ஓட வெட்டிய கானில் விழுந்து வலது கை முறிந்து வந்தவனுக்கு மருந்தய்யா ஒரு குவளை எண்ணெயை நீட்டினார். இராமையா எண்ணெயைப் பார்த்தான், கையைப் பார்த்தான், இடது கையால் குவளையை வீசினான். குவளை கதவில் பட்டது. மருந்தய்யா தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு பங்களாவுக்கு ஓடினார். தலையில் காயம் எங்கே என்று துரை கேட்கவில்லை. கட்டு பெரிதாக இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

மறுவாரம் ஊவா மாகாணத்துத் துரைமார் எல்லாம் பதுளையில் கூடி, ஒரு மாலைப்பொழுதையும் சில போத்தல்களையும் செலவழித்து, நோயாளர் கைநீட்டல் தடுப்புச் சபை என்று ஒன்றை உண்டாக்கினார்கள். கூனிமலைத் துரைக்கு அதில் பெரிய பதவி. திரும்பி வந்த கையோடு, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி, தனக்குத் தெரிந்த தமிழில் முழங்கினார்.

"எல்லா ஆளும் கேக்கிறது! தமிழாள் நல்ல ஆள். சாது. பசி வந்தா சும்மா இருக்கிறது. சம்பளம் வராட்டி சும்மா இருக்கிறது. புள்ளை செத்தா சும்மா இருக்கிறது. அப்படி ஆள் மருந்தய்யாவை அடிக்கிறது எப்படி? மண்டையில சீக்கு! அடி ஒரு சீக்கு. ஜெயிலுக்கு அனுப்பினா மூணு மாசம் வேலை நட்டம். அதனால சீக்கு ஆளை உடனே வண்டி ஏத்திப் பதுளை அனுப்பறது. பால் குடுக்கறது. ரொட்டி குடுக்கறது. ஒருத்தரும் அவனை ஏசக்கூடாது, ஏசினா சீக்கு கூடறது. செலவு சபை குடுக்கறது. தோட்டம் குடுக்கறதில்லை."

கடைசி வாக்கியத்தைத் துரை இரண்டு தரம் சொன்னார். சொல்லும்போது முகத்தில் தனி வெளிச்சம் வந்தது.

இராமையா பசறை வழியாக வண்டியில் போனான். கை கூடி, கன்னம் உப்பித் திரும்பி வந்தான். ஆஸ்பத்திரியில் தன்னை யாரோ 'தம்பி' என்று கூப்பிட்டார்கள் என்று அவன் சொன்னதைத்தான் லயத்தில் யாரும் நம்பவில்லை. மற்றதை எல்லாம் நம்பினார்கள்.

அதற்குப் பிறகு மருந்தய்யாவுக்கு அடி விழாத நாள் இல்லை. மரியாதையான அடிகள். காய்ச்சல்காரன் வந்து, "மன்னிச்சுக்கங்க அய்யா, ஒரே ஒரு அடிதான்" என்று தோளில் தட்டுவான். பிள்ளை குறுக்கே கிடந்து தவித்த ஒருத்தி, அத்தனை வலியிலும் மறக்காமல் அவர் உச்சியில் ஒரு குட்டு வைத்தாள், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சிலர் அடித்துவிட்டுக் காலில் விழுந்து கும்பிட்டார்கள். மருந்தய்யாவும் ஆரம்பத்தில் இதை ரசித்தார். ஒவ்வோர் அடிக்கும் சபை அவருடைய தீரத்தைப் பாராட்டியது. இவ்வளவு நோயாளிகளைக் கண்டுபிடித்த தோட்டம் வேறில்லை என்று துரைக்கும் பெருமை.

ஹல்துமுல்லையிலும் கொஸ்லந்தையிலும் இருந்த துரைமார் சும்மா இருப்பார்களா? தங்கள் தோட்டத்து நோயாளிகளையும் அடிக்கவைத்து அனுப்பினார்கள். சபையின் பணப்பெட்டி காலியானது. உடனே சபை மறுபடி கூடி, இனிமேல் எல்லா அடியும் அடி ஆகாது என்று தீர்மானித்தது. நோயாளியின் சொந்தக் கையால், சொந்தப் பலத்தால், ஊழியரின் மேனியில் படும்படி, உண்மையான கோபத்தோடு, இரண்டு பேர் பார்க்க அடித்தால்தான் அடி. கூடவே, தேயிலை சலிக்கும் கம்பி வலையை மருந்தய்யாவின் மேசைக்கு முன்னால் கூரை வரை அடித்தார்கள். எண்ணெய் ஒரு மூங்கில் குழாய் வழியாக வந்தது. நாடி பார்க்க மட்டும் வலையில் ஒரு கை நுழையும் ஓட்டை விட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மருந்தய்யா கூண்டில் அடைத்த கோழி மாதிரி இருந்தார்.

சோலைமுத்து விழுந்தது அப்போதுதான்.

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தால் மலையையே மொட்டையடிக்கிற ஆள், வாரம் திரும்புவதற்குள் எலும்பாகிவிட்டான். அங்காயி கூண்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

"என்ன அங்காயி, திரும்பவும் வந்திட்டியே?"

"ரத்தம் நிக்கலைங்க அய்யா. நேத்துக் குடுத்த எண்ணெயில இன்னும் கூடிப்போச்சுங்க."

"கூடினால் மருந்து வேலை செய்யுது எண்டு அர்த்தம். குழாயில சட்டியைப் பிடி, இன்னும் கொஞ்சம் ஊத்திறன்."

"இதே கடுப்போட போன மாசம் போன எங்க லயத்துப் பக்கத்துக் காம்பராக்காரரு பதுளையில பொழச்சு வந்துட்டாருங்க. எம் புருசனையும் அனுப்பிருங்க சாமி. கையெடுத்துக் கும்புடுறேன்."

"அவன் என்னை அடிச்சவன். உன்ர மனுசன் அடிச்சவனே? இல்லைத்தானே. அடிக்காத ஆளை என்னெண்டு அனுப்புறது? நான் என்ன, சட்டத்தை மீறுற ஆளோ?"

அங்காயி சட்டியைக் குழாயில் பிடிக்காமல் திரும்பினாள். ஆனாலும் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவள். மறுநாள் காலை புருஷனை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தாள். இராமையாவையும் இன்னும் ஒருவரையும் சாட்சிக்கு நிறுத்தினாள். சோலைமுத்துவின் கையை எடுத்து ஓட்டைக்குள் விட்டாள்.

"அடிங்க" என்றாள் அவன் காதில். "ஒரு தட்டு. ஒண்ணே ஒண்ணு."

சோலைமுத்து கண்ணைத் திறந்தான். கை எழும்பவில்லை. அங்காயி அவன் முழங்கையை முட்டுக்கொடுத்துத் தூக்கி விட்டாள். கை மருந்தய்யாவின் மூக்கில் விழுந்தது. ஈக்குக்கூட வலித்திருக்காது.

"அடி பட்டுச்சு!" என்று கத்தினான் இராமையா.

விசாரிக்கத் துரை வந்தார். கூடவே பெரிய கங்காணி கணபதி வந்தார். கங்காணி தன் கண்ணால் எதையும் பார்ப்பதில்லை. துரையின் முகத்தைப் பார்த்துத்தான் எது நடந்தது என்று தெரிந்துகொள்வார்.

"கையை யார் தூக்கினது?" என்றார் துரை.

"நாந்தாங்க தொரை. அவருக்குத் தூக்க முடியலைங்க. அம்புட்டு நோக்காடு."

துரை யோசித்தார். யோசித்தது எல்லோருக்கும் தெரியவேண்டும் என்று தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "கை தூக்க முடியாத ஆள் அடிக்க முடியாது. அடிக்க முடியாத ஆளுக்குச் சீக்கு இல்லை. சீக்கு இல்லாத ஆள் வேலைக்குப் போறது."

"நாளைக்குப் பெரட்டுக்கு வந்துறணும்" என்றார் கங்காணி, மண்ணில் சரிந்து கிடந்த சோலைமுத்துவிடம். "சும்மா படுத்துக் கெடக்கிறதுக்கா தொரை உனக்குக் காம்பரா குடுத்திருக்காரு?"

மருந்தய்யா கூண்டுக்குள் இருந்தபடி, பொறுமையாக மூக்கைத் துடைத்துக்கொண்டார். "துரை சொன்னது நியாயம்தானே அங்காயி. பலம் இல்லாட்டி பிறகென்ன அடி?"

அங்காயி புருஷனை மறுபடி முதுகில் தூக்கிக்கொண்டாள். அந்த மூன்று முகங்களையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் வேறு எதுவோ வந்து உட்கார்ந்திருந்தது.

தெய்வம் சில நேரம் சபைகள் மூலமாகவும் வேலை செய்கிறது. மறுநாள் காலைப் பெரட்டில் துரை கலவர முகத்தோடு வந்தார். கொழும்பிலிருந்து ஒரு படித்த டாக்டர் சபைக்குப் புதுச் செய்தி அனுப்பியிருந்தார்.

"எல்லா ஆளும் கேக்கிறது! அடிச் சீக்கு ஒட்டுறது! மூச்சில ஒட்டுறது. ஒரே சட்டியில சாப்பிட்டா ஒட்டுறது. இனிமே ஒரு ஆள் அடிச்சா, அவன் காம்பராவில படுக்கிற ஆள் எல்லாத்தையும் சேத்து அதே வண்டியில அனுப்பறது. இல்லாட்டி லயம் முழுக்க அடிக்கிறது, அப்புறம் கொழுந்து யார் எடுக்கிறது? இன்னொண்ணு. மருந்தய்யாவை அடிச்சாலும் ஒண்ணு, என்னை அடிச்சாலும் ஒண்ணு. நானும் சபை ஆள்!"

மற்றவர்கள் எல்லாம் வழக்கம்போல் பாதியில் கேட்பதை விட்டிருந்தார்கள். அங்காயி மட்டும் கடைசிச் சொல் வரை கேட்டாள். கேட்டு முடித்ததும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எனக்கு வயித்து வலிங்க" என்றாள். கங்காணி ஆஸ்பத்திரிப் பக்கம் கையைக் காட்டினார். அவள் இராமையாவைப் பார்த்தாள். அவனுக்கும் திடீரென்று கை வலித்தது. அவனுக்கு அடுத்து நின்றவனுக்கு இடுப்பு வலித்தது. மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"நீயும் படுத்திட்டியோ?" என்றார் மருந்தய்யா. "சரி, கையை நீட்டு. நாடி பார்ப்பம்."

அங்காயி ஓட்டைக்குள் கையை நீட்டினாள். மலையில் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை கொழுந்து பறித்த கை, விறகு பிளந்த கை, புருஷனைத் தூக்கிச் சுமந்த கை. மருந்தய்யா அதன் மணிக்கட்டைத் தொட்டார். அது அவர் கழுத்துப் பட்டியைப் பிடித்தது.

"எண்ணெயா குடுக்குற?" என்றாள் அங்காயி. "ரத்தமாப் போறவனுக்கு எண்ணெயா குடுக்குற?"

ஓர் இழு இழுத்தாள். மருந்தய்யாவின் முகம் கம்பி வலையில் வந்து மோதியது. வலை பிடுங்கிக்கொண்டு அவரோடு சேர்ந்து வெளியே சாய்ந்தது. அந்த அதிர்ச்சியில் அலமாரி ஆட, கண்ணாடி ஜாடிகள் ஒவ்வொன்றாக விழுந்து உடைந்தன, உள்ளே ஒன்றும் இல்லாததால் தரை நனையவில்லை. சபை பாதுகாப்புக்குக் கட்டிய வலை இனித் தடையில்லை என்றானதும் அங்காயி இன்னும் ஒன்று கொடுத்தாள். அது தாடையில் விழுந்தது. அதில் மரியாதை துளியும் இல்லை. இத்தனை நாள் லயத்துக்காரர்கள் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அடித்த அடிகளின் பாக்கி எல்லாம் அதில் இருந்தது. முன்பல் இரண்டு தெறித்தன.

"சொந்தக் கை" என்றான் இராமையா, திருப்தியாக.

"கோவமும் இருந்துச்சு" என்றான் மற்றச் சாட்சி.

சட்டப்படி எல்லாம் சரியாக இருந்ததால் துரை வண்டிக்கு ஆள் அனுப்பினார். வண்டிக்கார றஹீம் நானா பெரட்டுக்களத்துக்கு வண்டியைக் கொண்டுவந்தார். அடிச் சீக்குக்காரி என்று அங்காயியையும், அவள் காம்பராவில் படுத்ததற்காகச் சோலைமுத்துவையும் ஏற்றினார்கள். ஏசினால் நோய் கூடும் என்பதால் கங்காணி அவளிடம், "பாத்து ஏறுங்க" என்று பன்மையில் சொல்லவேண்டி வந்தது. அவருக்கு அது பல்வலியை விட மோசமாக இருந்திருக்கும். வண்டிக்குள் வைக்கோல் மேல் கிடந்த புருஷனின் தலையை அங்காயி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மூச்சு இருந்தது.

வண்டி நகரப்போகும் நேரம் மருந்தய்யா ஓடிவந்தார். முகம் முழுக்கக் கம்பி வலையின் கட்டம் கட்டமாகத் தடம். தாடை ஒரு பக்கம் தொங்கியது.

"துரை, நானும் பதுளைக்குப் போகவேணும். தாடை விலகிப் போச்சுது."

"நீ யாரை அடிச்சது?" என்றார் துரை.

"ஒருத்தரையும் இல்லை. நான் அடி வாங்கினனான்."

"அடிச்ச ஆளுக்கு வண்டி. அடி வாங்கின ஆளுக்குச் சட்டத்தில ஒண்ணும் இல்லை. நீ சாது ஆள். போய் எண்ணெய் குடிக்கிறது."

மருந்தய்யா நின்று யோசித்தார். சட்டம் தெரிந்தவர் அல்லவா? ஊழியரை அடித்தால் வண்டி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊழியர் அவர் ஒருவர்தான். எல்லோரும் பார்க்க, தாடையின் நல்ல பக்கத்தில் தன்னைத்தானே ஒன்று அறைந்துகொண்டார்.

துரை சாட்சிகளைப் பார்த்தார். இராமையா உதட்டைப் பிதுக்கினான். "கோவம் பத்தலைங்க தொரை. ஏதோ கொசு அடிக்கிற மாதிரி இருக்கு."

மருந்தய்யா இன்னொன்று அறைந்தார். பெரட்டுக்களம் முழுக்க உதட்டைப் பிதுக்கியது. எத்தனையோ வருஷம் எண்ணெய் குடித்த சனம். தங்களுக்கு என்ன அவசரம் என்று நின்றார்கள். அவர் அறைந்துகொண்டே இருந்தார். அங்காயியின் பார்வை மட்டும் மடியில் இருந்தது.

துரைக்குத்தான் பொறுமை போனது. கொழுந்து எடுக்கும் நேரம் வீணாகிறது. "மடையன்! கோபம் இப்படி இல்லை. பழைய விஷயம் நினைக்கிறது. உனக்கு யார் கெடுதல் பண்ணினது? அது நினைக்கிறது. அப்புறம் அடிக்கிறது."

மருந்தய்யா கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிந்து நினைத்தார். துரையிடம் காய்ச்சலுக்குக் கொயினா கேட்ட வருஷம் பங்களாவுக்குக் குதிரை வந்தது. வயிற்றுக்கடுப்பு மருந்து கேட்ட வருஷம் பங்களா வாசலுக்குப் புதுப் படிக்கட்டு வந்தது. வெறும் ஜாடிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, சாகிறவன் வாயில் எண்ணெயை ஊற்றிவிட்டு, செத்தவன் வீட்டாரின் சாபத்தை எல்லாம் தான் ஒருவனே வாங்கிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அவர் கண்ணைத் திறந்தார். எதிரே துரை நின்றார்.

நானும் சபை ஆள் என்று சொன்னவரும் துரைதானே.

அறை விழுந்த சத்தத்தில் வண்டி மாடு இரண்டும் காதைத் தூக்கின. தொப்பி களத்தின் அந்தக் கோடிக்கு உருண்டது. கங்காணி கணபதி, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள, பழக்கதோஷத்தில் துரையின் முகத்தைப் பார்த்தார். அங்கே ஐந்து விரலும் பதிந்திருந்தன.

துரை சட்டத்தை மதிக்கிறவர். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, பழக்கம் விடாமல், "யார் பார்த்தது?" என்று கேட்டுவிட்டார்.

"நான் பாத்தேங்க தொரை" என்றாள் அங்காயி வண்டியிலிருந்து. "சொந்தக் கை. சொந்தப் பலம். மேல பட்டுச்சு. கோவம் நெறைய இருந்துச்சு."

"சாட்சி ரெண்டு பேரு வேணும்ல?" என்றான் இராமையா. சுற்றிலும் திரும்பிப் பார்த்தான். பெரட்டுக்களத்தில் இருந்த அத்தனை பேரும் அவரவர் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்களுக்குச் சரியாத் தெரியலைங்க தொரை. இன்னொரு தரம் அடிக்கச் சொல்லுங்க."

துரை ஓர் அடி பின்னால் வைத்தார். பின்னாலும் ஆட்கள் நின்றார்கள், யாரும் விலகவில்லை. மருந்தய்யா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"சுருக்கா அடிங்க அய்யா" என்றாள் அங்காயி. "எம் புருசன் பதுளை போய்ச் சேரணும்."

மருந்தய்யா அடித்தார். இந்த முறை எல்லோருக்கும் தெரிந்தது.